தகரப் படகு ஓட மறுக்கிறது, யாராவது வழி சொல்லுங்கள்

மந்தைவெளி தாத்தா:
மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டை இடிக்கப்போகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டார் ஊறுகாய் ஜாடி, பித்தளை அண்டா, கால் உடைந்த ஈசிசேர் என்று எல்லாவற்றையும் திண்ணையில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் போனது தோசைக்கல்லுக்காக. ஒரு பிஸ்கட் டப்பாவில், நூல்கண்டுகளுக்கு நடுவே கிடந்தது, திரி ஏற்றினால் தண்ணீரில் ஓடும் தகரப் பொம்மைப் படகு! சிவப்பு உடம்பு, பச்சைக் கூரை, பின்னால் இரண்டு குழாய்கள். நூறு ரூபாய் என்றார் அந்த அம்மாள். பேரம் பேசாமல் கொடுத்தேன். என் மனைவி இதை இன்னும் நம்பவில்லை.

1977 பங்குனியில், அறுபத்துமூவர் அன்று, கபாலீசுவரர் கோயில் குளத்துப் பக்கம் அப்பா எனக்கும் அக்காவுக்கும் இதே போல ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்தார். விற்றவர் அலுமினியத் தாம்பாளத்தில் ஓடவிட்டிருந்தார். டப் டப் டப் என்று அது சுற்றியதில் நான் சாமியையே பார்க்கவில்லை. என் படகு ஒரே வாரத்தில் கிணற்றுக்குள் போனது. தன்னுடையதை அக்கா தொடக்கூட விடவில்லை.

இப்போது எண்ணெய்த் திரியை ஏற்றி உள்ளே வைத்தால் சத்தமும் இல்லை, அசைவும் இல்லை. என்ன செய்யலாம்? பேரனுக்கு நான்கு வயது. அவனிடம் கொடுக்கலாமா?

பற்றாசு:
ஐயா, முதலில் திரியை அணையுங்கள். குழாய்க்குள் தண்ணீர் நிரப்பினீர்களா? அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே! திரிக்கு மேலே இருக்கும் சின்னக் கொதிகலனைத் தண்ணீர் இல்லாமல் சூடாக்கினால், அதை ஒட்டியிருக்கும் ஈயப் பற்று உருகிவிடும். அது உருக 190 டிகிரி போதும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை சூடு அவ்வளவு ஏறாது.

மருந்துச் சொட்டுக் குழலால் ஒரு குழாயில் தண்ணீரை விடுங்கள், மற்றதில் வழியும்வரை. இரண்டையும் விரலால் அடைத்தபடியே படகைத் தண்ணீரில் இறக்குங்கள். பிறகு திரி. நீராவி தண்ணீரைப் பின்னால் பீய்ச்சும். குளிர்ந்ததும் தண்ணீர் திரும்ப உள்ளே வரும். பீய்ச்சும்போது ஒரே திசை, இழுக்கும்போது நாலாபக்கமும். அதனால்தான் படகு முன்னே போகிறது. கொதிகலன் மேலுள்ள மெல்லிய தகடு உப்பி உள்வாங்குவதுதான் அந்த டப் டப்.

அப்படியும் ஓடாவிட்டால் ஓட்டை பாருங்கள். தண்ணீரில் அமுக்கி, ஒரு குழாயை அடைத்து, மற்றதில் ரப்பர் குழல் செருகி ஊதினால் குமிழி காட்டிக் கொடுக்கும்.

கண்ணாடி அலமாரி:
ஓட்டவே ஓட்டாதீர்கள். துடைத்து அலமாரியில் வையுங்கள். தயவுசெய்து புதுப் பெயின்ட் அடித்துவிடாதீர்கள்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும், தகர விளிம்பும் கையைக் கிழிக்கும். நெருப்பு வேறு. நான்கு வயதுக் குழந்தை பார்த்தால் போதும், தொட வேண்டாம்.

மந்தைவெளி தாத்தா:
பற்றாசு அவர்களே, தண்ணீர் விடவில்லைதான். 1977இல் அப்பா விட்டிருப்பார் போலிருக்கிறது, நான் திரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல வேளை, பற்று எதுவும் விடவில்லை. இன்று காலை அண்டாவில் மூன்று சுற்று ஓடியது. (தோசைக்கல் வாங்கப் போனவன் அண்டாவையும் வாங்கிவிட்டேன்.) பேரன் முக்காலியில் உட்கார்ந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தான். அலமாரி நண்பர் மன்னிக்க வேண்டும்.

அக்காவுக்குப் போன் செய்து சத்தத்தைக் கேட்க வைத்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னாள்: “அது என் படகு. உன்னுடையது கிணற்றில் இருக்கிறது.”