கறிவேப்பிலைத் தொட்டிக்கு அடியில்

சாட்ஸ்வொர்த் (தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர்ப் பகுதி) தெருக் குழு

தேவி (காலை 6.40): எல்லோருக்கும் வணக்கம். இரவு மழைக்குப் பிறகு கறிவேப்பிலைத் தொட்டியை நகர்த்தியபோது, மண்புழுவைப் போலவும் அதைவிட வேகமாகவும் நெளிகிற கருத்த உயிர் ஒன்றைக் கண்டேன். ஒரு சாண் நீளம்கூட இல்லை. படம் அனுப்பியிருக்கிறேன். மகன் கையில் எடுக்கப் போனான், தடுத்துவிட்டேன்.

சரோஜா ஆயா (6.52): தேவி, அது பூநாகம். தூங்குகிறவர் காதில் புகுந்துவிடும் என்று என் தாயார் சொல்லுவார். வெந்நீரை ஊற்றிவிடு அம்மா.

குமரன் மாமா (7.05): ஆயா, சற்றுப் பொறுங்கள். தேவி, வெந்நீர் ஊற்றாதே. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மண்புழுவுக்குரிய வளையங்கள் இதற்கு இல்லை. தலையிலிருந்து வால்வரை பளபளக்கும் சிறு செதில்களும், கண் இருக்கவேண்டிய இடத்தில் செதிலுக்கு அடியில் இரண்டு கரும்புள்ளிகளும் தெரிகின்றன. இது புழுப்பாம்பு, நஞ்சில்லாத குருட்டுப் பாம்பு. எறும்பு, கறையான் ஆகியவற்றின் முட்டைகளையும் புழுக்களையும் தின்று மண்ணுக்குள்ளேயே வாழ்கிற இதற்கு மனிதர் காதில் ஒரு வேலையும் இல்லை, ஆயா.

சரோஜா ஆயா (7.11): அப்படியானால் ஊரில் என் தாயார் கண்ட பாம்பு டர்பனுக்கு எப்படி வந்தது?

குமரன் மாமா (7.24): நல்ல கேள்வி. விசாகப்பட்டினத்தில் கிடைத்த பாம்பைக் கொண்டுதான் பிரெஞ்சு அறிஞர் தோதன் 1803-இல் இந்த இனத்துக்கு அறிவியல் பெயர் வைத்தார். தொட்டிச் செடிகளின் மண்ணோடு மண்ணாக இது உலகத் துறைமுகங்கள் பலவற்றுக்கும் போய்ச் சேர்ந்தது. இந்த இனத்தில் எல்லாமே பெண்கள். ஆணின் துணையில்லாமலே முட்டையிடுவதால், ஒரே ஒரு பாம்பு வந்து இறங்கினாலும் அதன் வம்சம் தழைத்துவிடும். 1860-இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து நம் முன்னோர் வந்திறங்கிய இந்த ஊரில் இதைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடுகிறது.

தேவி (7.30): அப்படியென்றால் மகன் கையில் எடுத்துப் பார்க்கலாமா, மாமா?

குமரன் மாமா (7.48): கூடாது அம்மா. இதை எல்லோரும் கவனமாகப் படியுங்கள். மழை பெய்த வெப்பமான இரவுகளில் நம் முற்றங்களுக்கு ஸ்டிலெட்டோ பாம்பும் வரும். அதுவும் கருத்து, மினுமினுத்து, சிறு கண்களோடு மண்ணுக்குள் வாழ்வது. வால் நுனியில் சிறு முள் இரண்டுக்குமே உண்டு என்பதால் வாலைப் பார்த்தும் தெளிவுபெற முடியாது. ஸ்டிலெட்டோ பாம்பு வாயைத் திறக்காமலேயே நச்சுப்பல்லைப் பக்கவாட்டில் நீட்டிக் குத்திவிடும் என்பதால், தலைக்குப் பின்னால் பிடித்தாலும் தப்ப முடியாது. உயிர் போவதில்லை என்றாலும் தாங்கமுடியாத வலியும் வீக்கமும் வரும், சதை அழுகி விரலையே இழந்தவர்களும் உண்டு. அதற்கு நச்சுமுறிவு மருந்தும் கிடையாது. குருட்டுப் பாம்பு என்று நினைத்து அதைக் கையில் எடுத்தவர்கள்தான் பலமுறை கடிபட்டிருக்கிறார்கள்.

சரோஜா ஆயா (7.57): கரும்புத் தோட்டத்து வீட்டில் இருந்தபோது, கிழங்கு தோண்டுகையில் இளஞ்சிவப்பாக ஒன்றைக் கண்டிருக்கிறேன். அதையும் அடித்துவிட்டார்கள்.

குமரன் மாமா (8.03): அது இந்த மண்ணுக்கே உரிய தெலலாந்து குருட்டுப் பாம்பாக இருக்கலாம், ஆயா. அலகு போன்ற மூக்கால் மண்ணைத் துளைத்துப் போகும், அதுவும் சாது. அரிதாகவே வெளியே வருவதால், வாழ்நாள் முழுவதும் தோட்டவேலை செய்தவர்கள்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள்.

தேவி (8.20): நீளக் காம்புள்ள குப்பைமுறத்தில் தள்ளி மாமரத்தடிச் சருகில் விட்டோம். நொடியில் மண்ணுக்குள் மறைந்துவிட்டது.

சரோஜா ஆயா (8.26): குமரா, அந்த ஸ்டிலெட்டோ பாம்பின் படத்தை அனுப்பு. என் பேரன் வெறுங்கையால்தான் பாத்தி கிளறுகிறான்.