மறு: வெட்டிய பாட்டுக்குப் பெயர் என்ன? இடைக்குறை என்று சொல்லலாமா?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

'அமெரிக்கன் டாப் 40' வானொலி நிகழ்ச்சியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1970 ஜூலை 4ஆம் தேதி வார இறுதியில் கேசி கேசம் குரலில் தொடங்கிய நிகழ்ச்சி அது. பில்போர்டு இதழ் வெளியிடும் பிரபலப் பாட்டுப் பட்டியலில் 40ஆம் இடத்தில் ஆரம்பித்து முதலிடம் வரைக்கும் ஒவ்வொரு பாட்டாகப் போட்டுக்கொண்டே வருவார். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்த அந்தப் பழைய நிகழ்ச்சிகளை இப்போது பல அமெரிக்க நிலையங்கள் மறுஒலிபரப்பு செய்கின்றன. செயற்கைக்கோள் வானொலியிலும் வருகின்றன.

என் சிக்கல் இதுதான். நேரத்துக்குள் அடக்குவதற்காகப் பல பாட்டுகளை வெட்டி ஒட்டியிருப்பார்கள். அப்படி வெட்டிய வடிவத்துக்கு ஆங்கிலத்தில் 'எடிட்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். நான் தமிழில் இரண்டு பத்தி தாண்டுவதற்குள் 'தொகுப்பாளர் தொகுத்து வழங்கிய தொகுப்பில் தொகுக்கப்பட்ட பாடல்' என்று எழுதிவிட்டேன். திரும்பப் படித்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வெட்டுப்பாட்டு, சுருக்கப்பாட்டு என்று இரண்டு சொல் யோசித்து வைத்திருக்கிறேன். இரண்டும் மனதுக்கு ஒட்டவில்லை. உதவுங்கள்.

மடல் 2

வணக்கம்.

தொகுப்பு வேண்டவே வேண்டாம். படத்தை வெட்டுபவர் படத்தொகுப்பாளர், மைக் பிடித்துப் பேசுபவர் நிகழ்ச்சித் தொகுப்பாளர், கடையில் விற்கும் பழைய பாட்டு குறுந்தகடும் தொகுப்பு. இதற்கு மேலும் அந்தச் சொல்லின் தலையில் சுமை ஏற்றுவது பாவம்.

> வெட்டுப்பாட்டு, சுருக்கப்பாட்டு

வெட்டு என்றதும் நமக்குத் தணிக்கைதான் நினைவுக்கு வரும். இங்கே யாரும் கெட்ட வார்த்தையை நீக்கவில்லை. நேரம் போதவில்லை, அவ்வளவுதான். சுருக்கம் என்றால் கதைச்சுருக்கம் மாதிரி சாரத்தைப் பிழிந்து கொடுப்பது. பாட்டின் சாரத்தை யாரும் கொடுக்கவில்லை, ஒரு சரணத்தை விழுங்கிவிட்டார்கள்.

சொல்லுக்கு முன்னால் கணக்கைப் பார்த்துவிடுவோம். நிகழ்ச்சி 3 மணி நேரம், அதாவது 180 நிமிடம். பாட்டுக்கு 3½ நிமிடம் என்று வைத்தாலே 40 பாட்டுக்கு 140 நிமிடம் போய்விடும். மீதி 40 நிமிடத்துக்குள் கேசமின் கதைகள், விளம்பரம், நிலையத்தின் அறிவிப்பு எல்லாம் அடங்க வேண்டும். பாட்டு சராசரியாக 4 நிமிடம் ஆனால் மிஞ்சுவது 20 நிமிடம். எழுபதுகளில் பாட்டுகள் நீண்டுகொண்டே போயின. போதாக்குறைக்கு 1978 ஆகஸ்டில் நேயர்கள் தொலைவில் இருக்கும் ஒருவருக்காகக் கடிதம் எழுதிப் பாட்டு கேட்கும் பகுதியும் வந்து சேர்ந்தது. அந்த ஆண்டு அக்டோபரில்தான் நிகழ்ச்சியை 4 மணி நேரமாக நீட்டினார்கள். அதுவரை பிளேடுக்கு ஓய்வே இல்லை.

நீளமான பாட்டு என்றால் அமெரிக்க நிலையங்கள் அதற்கு முன்பே முகம் சுளிக்கும். 1964இல் ரைச்சஸ் பிரதர்ஸ் பாடிய ஒரு பாட்டைத் தயாரித்த ஃபில் ஸ்பெக்டர், 3 நிமிடம் 45 வினாடி ஓடும் தட்டின் லேபிளில் 3:05 என்று அச்சடிக்க வைத்தார். லேபிளைப் பார்த்து ஏமாந்து போடுவார்கள் என்று கணக்கு. போட்டார்கள். பாட்டு முதலிடத்துக்கும் வந்தது.

இனி வெட்டு. கேட்டுப் பார்த்தால் அது மூன்று இடங்களில்தான் விழுகிறது.

தலையில் விழலாம். டெம்ப்டேஷன்ஸ் குழுவின் 'பாப்பா வாஸ் எ ரோலிங் ஸ்டோன்' ஆல்பத்தில் ஏறக்குறைய 12 நிமிடம் ஓடும். பாடுபவர் வாய் திறக்கவே 4 நிமிடம் ஆகும். 1972இல் அந்தப் பாட்டைத் தனியாக வெளியிட்ட சிங்கிள் தட்டில் அந்த முன்னிசையைப் பாதியாக்கினார்கள்.

நடுவில் விழலாம். டோர்ஸ் குழுவின் 'லைட் மை ஃபயர்' ஆல்பத்தில் 7 நிமிடத்துக்குப் பக்கம். 1967 சிங்கிளில் நடுவில் வரும் ஆர்கன், கிட்டார் வாசிப்பைத் தூக்கிவிட்டு 3 நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். தலையும் காலும் அப்படியே இருக்கும், வயிறு மட்டும் இருக்காது.

கடைசியில் விழலாம். இதுதான் சுலபமான வேலை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒலியைத் தேய்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவது.

தலை, நடு, கடை. இதை எங்கோ படித்த மாதிரி இல்லையா? பள்ளியில் மனப்பாடம் செய்ததுதான். தாமரை 'மரை' என்று நின்றால் முதற்குறை. ஓந்தி 'ஓதி' என்று நின்றால் இடைக்குறை. நீலம் 'நீல்' என்று நின்றால் கடைக்குறை. 'ஒருமொழி மூவழிக் குறைதலும் அனைத்தே' என்கிறது நன்னூல். வெட்டு விழும் மூன்று இடத்துக்கும் நம்மிடம் ஏற்கெனவே பெயர் இருக்கிறது.

இடம் மட்டும் இல்லை, காரணமும் பொருந்துகிறது. இவை செய்யுள் விகாரங்கள், அதாவது செய்யுளுக்காகச் சொல்லில் செய்யும் மாற்றங்கள். சொல் பிழையானதால் எழுத்தை எடுக்கவில்லை. அடிக்குள் அடங்கவில்லை, தளை தட்டுகிறது, அதனால் எடுத்தார்கள். இந்த நிகழ்ச்சியில் அடி என்பது ஒரு மணி நேரம். நிகழ்ச்சியைப் பதித்து நிலையங்களுக்கு அனுப்பிய தட்டில் ஒரு பக்கத்துக்கு இவ்வளவு நேரம் என்றால் அவ்வளவுதான் கொள்ளும்.

இன்னொரு தந்திரமும் உண்டு. எதையும் வெட்டாமல் தட்டைக் கொஞ்சம் வேகமாகச் சுழலவிடுவது. 4 நிமிடப் பாட்டை 3 விழுக்காடு வேகமாக ஓட்டினால் 7 வினாடி மிச்சம். சுருதி லேசாக ஏறும். 6 விழுக்காடு போனால் அரைக்கட்டை ஏறிவிடும், காதுள்ளவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் சிலர் இதையும் எடிட் என்ற கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார்கள். நாம் சேர்க்கத் தேவையில்லை. மகரம் தன் அரை மாத்திரையிலிருந்து கால் மாத்திரையாகக் குறைந்து ஒலித்தால் அது மகரக்குறுக்கம். எழுத்து போகவில்லை, ஒலிக்கும் நேரம்தான் போயிற்று. ஆகவே வெட்டினால் குறை, வேகத்தைக் கூட்டினால் குறுக்கம். ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் குழம்பிக் கிடப்பது இங்கே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. எனக்கு இதில் கொஞ்சம் பெருமைதான்.

அப்புறம் மறுஒலிபரப்பு. பழைய தட்டுகளில் கீறல் இருக்கும். ஒலியைச் சீர்செய்பவர்கள் சில பாட்டுகளை அப்படியே எடுத்துவிட்டு, குறுந்தகட்டிலிருந்து தெளிவான பிரதியை அங்கே வைப்பார்கள். குறுந்தகட்டில் இருப்பது பல நேரங்களில் ஆல்பத்தின் முழு வடிவம். கேட்க இனிமைதான். ஆனால் 1974இல் ஒரு நேயர் தன் அறையில் கேட்டது அது இல்லை. கூடுதலாக நுழைந்த ஒரு நிமிடத்துக்கு வேறெங்கோ ஒரு நிமிடத்தை எடுக்க வேண்டும்; கேசம் சொன்ன கதை ஒன்று போய்விடலாம். செய்யுளில் 'மரை' என்று நிற்பதைப் பார்த்துவிட்டு, பாவம் எழுத்து விட்டுப்போயிற்று என்று ஒரு பதிப்பாசிரியர் 'தாமரை' ஆக்கினால் என்ன ஆகும்? சொல் நிறைந்துவிடும், பாட்டு கெட்டுவிடும். பழைய நிகழ்ச்சியை மறுபடி போடுபவர்கள் குறைகளைக் குறைகளாகவே விட வேண்டும் என்பது என் கட்சி. உங்கள் கட்டுரையில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். மாற்றி வைத்த பாட்டைத் 'திரிபு' எனலாம்: புணர்ச்சி விகாரங்களான தோன்றல், திரிதல், கெடுதலில் நடுவில் வருவது.

மடல் 3

தம்பிகளுக்கு வணக்கம். வானொலி ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இலக்கணம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 'இந்தப் பாட்டில் இடைக்குறை உள்ளது' என்று நான் ஒரு சீட்டு எழுதி அனுப்பியிருந்தால், டேப் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். குறை என்றால் இன்று எல்லாருக்கும் கோளாறுதான். குறைதீர்ப்பு நாள் என்றுதானே கலெக்டர் அலுவலகத்தில் எழுதியிருக்கிறார்கள்.

திரிபு அதைவிட மோசம். வரலாற்றைத் திரித்தான், பேச்சைத் திரித்தான் என்கிறோம். சீர்செய்தவர் நல்ல எண்ணத்தில் செய்த வேலைக்கு அந்தப் பழி வேண்டாம்.

இன்னொன்றும் விட்டுப்போயிற்று. வெட்டியபின் இரண்டு முனையும் சேரும் இடம். அதற்கு ஒரு பெயர் வேண்டும், ஏனென்றால் எங்கள் திறமை எல்லாம் அங்கேதான். டேப் நொடிக்கு 15 அங்குலம் ஓடும். தாளம் விழும் இடத்தைக் கையால் முன்னும் பின்னும் உருட்டிக் கேட்டு, பென்சிலால் குறித்து, சாய்வாக வெட்டுவோம். நேராக வெட்டினால் 'டப்' என்று ஒரு சத்தம் வரும். கால் அங்குலம் தவறினாலே நல்ல காதுக்குத் தாளம் இடறுவது தெரிந்துவிடும். நாங்கள் இதை 'ஒட்டு' என்போம். ஒட்டுத் தெரியாமல் செய்கிறான் என்றால் அது பாராட்டு. அந்தச் சொல்லை மாற்றிவிடாதீர்கள்.

மடல் 4

ஐயா, ஒட்டு நூற்றுக்கு நூறு. துணியிலும் ஒட்டு, மாஞ்செடியிலும் ஒட்டு, டேப்பிலும் ஒட்டு. யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

திரிபை விட்டுவிடுகிறேன். 'பதிலி' போதும். மாற்றி வைத்தது என்பது தவிர வேறு பழி அதில் இல்லை.

குறையை மட்டும் விட மனம் வரவில்லை. தனியே 'குறை' என்று எழுதினால் கோளாறாகத்தான் படும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'இடைக்குறை வடிவம்' என்று எழுதினால் பத்தாம் வகுப்பு தாண்டிய எவருக்கும் பள்ளிக்கூடம் நினைவுக்கு வரும், கோளாறு வராது. பொதுப்பெயர் வேண்டும் இடத்தில் 'குறைவடிவம்', எதிர்ச்சொல் 'நிறைவடிவம்'. சீட்டில் எழுதும்போது அந்த 'வடிவம்' என்ற வாலை விடாமல் எழுத வேண்டும், அவ்வளவுதான். வாலை விட்டால் அதுவே ஒரு கடைக்குறை ஆகிவிடும்.

மடல் 5

நன்றி ஐயா, நன்றி நண்பரே. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

'மறுஒலிபரப்பில் 27ஆம் இடத்துப் பாட்டு பதிலியாக இருக்கிறது. மூல ஒலிபரப்பில் இருந்தது இடைக்குறை வடிவம். இரண்டாம் சரணத்துக்கு முன்னால் உள்ள ஒட்டை உற்றுக் கேட்டால் தெரியும். பதிலியாக நிறைவடிவத்தை வைத்ததால் அந்த மணியின் கடைசிப் பாட்டு கடைக்குறை ஆகிவிட்டது.'

படிக்க முடிகிறது. 'தொகு' ஒரு இடத்தில்கூட இல்லை. நான்கு மணி நிகழ்ச்சியின் முதல் மணியையே விட்டுவிட்டு மூன்று மணி மட்டும் போடும் நிலையங்களும் உண்டு. நிகழ்ச்சிக்கே முதற்குறை என்று அதையும் எழுதிவிட்டேன், கோபிக்காதீர்கள்.

ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. டான் மெக்லீனின் 'அமெரிக்கன் பை' எட்டரை நிமிடப் பாட்டு. 1971இல் சிங்கிளாக வெளியிட்டபோது ஒரு பக்கத்தில் அடங்காமல் முதல் பகுதி ஒரு பக்கம், இரண்டாம் பகுதி மறுபக்கம் என்று பிரித்தார்கள். ஒரு நிலையம் முதல் பக்கத்தை மட்டும் போட்டு நிறுத்தினால் அது கடைக்குறையா? வெட்டியது நிலையம் இல்லை, தட்டு. ஒட்டும் இல்லை. என்ன சொல்கிறீர்கள்?