மேகத்துக்கு அடி மட்டும் ஏன் தட்டை?

மொட்டைமாடி:
காஞ்சிபுரம். மே மாதம் முழுக்க வடாம் போடுகிறேன், அதனால் வானத்தைப் பார்ப்பதுதான் பாதி வேலை. காலை பத்துக்குச் சுத்தமான நீலம். பன்னிரண்டுக்கு மேல் அங்கங்கே பஞ்சு முளைக்கிறது. தலை காலிஃபிளவர் மாதிரி புடைத்திருக்க, அடி மட்டும் அரிவாள்மனையில் நறுக்கினாற்போல் தட்டை. எல்லாவற்றுக்கும் ஒரே மட்டம் வேறு. ஏன்?

இன்னொன்று. நேற்று மேற்கே ஒரு மேகம் மட்டும் மளமளவென்று வளர்ந்து, உச்சி விரிந்து நின்றது. ஒரு சொட்டு விழவில்லை, அதற்குள் ஜில்லென்று ஒரு காற்று. வடாம் வேட்டியோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

நீராவி:
அந்தப் பஞ்சுக்குப் பெயர் திரள்முகில். சுட்ட தரையிலிருந்து காற்று குமிழ் குமிழாகக் கிளம்புகிறது. மேலே அழுத்தம் குறைவு. விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. 100 மீட்டருக்குச் சுமார் 1 டிகிரி. ஓர் உயரத்தில் நீராவி துளியாக மாறுகிறது. அதற்குக் கீழேயும் ஈரம் உண்டு, கண்ணுக்குத்தான் தெரியாது. ஊர் முழுக்கக் காற்றின் சூடும் ஈரமும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் மட்டமும் ஒன்று.

நீங்களே கணக்குப் போடலாம். போன் ஆப்பில் 'டியூ பாயின்ட்' இருக்கும், அதாவது காற்று எத்தனை டிகிரிக்குக் குளிர்ந்தால் நீராவி துளியாகும் என்ற எண். வெப்பநிலையில் அதைக் கழித்து 125ஆல் பெருக்குங்கள். 38, 22 என்றால் அடி 2000 மீட்டரில்.

கரிசக்காடு:
எங்கள் தாத்தா நிலாவைச் சுற்றி வட்டம் பார்த்தே சொல்வார்: அகல் வட்டம் பகல் மழை.

நீராவி:
அது வேறு மேகம் அண்ணா. மிக உயரத்தில் மெல்லிய திரையாகப் பரவும் பனித்துகள்கள். கையை நீட்டிச் சாண் விரித்தால் நிலாவிலிருந்து வட்டம் வரை சரியாக வரும்.

வேட்டி விஷயத்துக்கு வருகிறேன். ஆவி துளியாகும்போது வெப்பத்தை விடுகிறது. ஒரு கிலோ தண்ணீருக்குக் கிட்டத்தட்ட 0.7 யூனிட் கரண்ட் அளவு. அந்தச் சூட்டில் மேகம் இன்னும் எகிறுகிறது. நம் பக்கம் 16 கிலோமீட்டர் வாக்கில் அதற்கு மேல் ஏற முடியாமல் பக்கவாட்டில் பரவும். நீங்கள் பார்த்த விரிந்த உச்சி அதுதான். உள்ளிருந்து விழும் மழை கீழே வறண்ட காற்றில் பாதி ஆவியாகி, அந்தக் காற்றைக் குளிர வைக்கிறது. குளிர்ந்தது கனம், தொப்பென்று இறங்கித் தரையோடு பாய்கிறது. மழைக்கு முன்னால் வருவது அந்தக் காற்று.

மொட்டைமாடி:
இன்று 37, 25. அப்படியென்றால் 1500 மீட்டர். மேற்கே ஒன்று உச்சி விரிக்க ஆரம்பித்துவிட்டது. வேட்டியை மடித்து வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.