எக்ஸ்பஞ்ச் ஆன டியூஐ வழக்கை எஸ்.எஃப்.-86 படிவத்தில் காட்ட வேண்டுமா?

கேள்வி:
நண்பர் இப்போது அமெரிக்கக் குடிமகன். ஒரு பாதுகாப்புத் துறை ஒப்பந்த நிறுவனம் அவரை சீக்ரெட் கிளியரன்ஸுக்கு (ரகசியத் தகவல்களைக் கையாள அரசு தரும் பாதுகாப்பு அனுமதி) எஸ்.எஃப்.-86 படிவத்தில் விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறது. 2015-ல் குடித்துவிட்டு கார் ஓட்டியதாக (டியூஐ) கைதானார். வழக்கு ரெக்லஸ் டிரைவிங்காக (பொறுப்பின்றி வண்டி ஓட்டியது) குறைந்து, பிறகு மாநில நீதிமன்றம் பதிவையே எக்ஸ்பஞ்ச் செய்துவிட்டது, அதாவது அழித்துவிட்டது. "இனி யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லலாம்" என்றார் வக்கீல். 2021-ல் டைம்ஷீட் (வேலை நேரப் பதிவு) பிரச்சினையில் "ராஜினாமா செய்யுங்கள், இல்லாவிட்டால் நீக்குவோம்" என்றதால் வேலையை விட்டார். இரண்டையும் எழுத வேண்டுமா? எழுதினால் கிளியரன்ஸ் கிடைக்காதா?

பதில் 1:
இரண்டையும் எழுதியே ஆக வேண்டும். கைது விவரம் பிரிவு 22-ல் வரும். அங்கே பல கேள்விகளுக்கு 7 ஆண்டு வரம்பு உண்டு. ஆனால் மது, போதைப்பொருள் தொடர்பான குற்றச்சாட்டுக்கு அந்த வரம்பு கிடையாது, "எப்போதாவது" என்றே கேட்கிறார்கள். பதிவு மூடப்பட்டிருந்தாலும், அழிக்கப்பட்டிருந்தாலும், வழக்கு தள்ளுபடியானாலும் சொல்லுங்கள் என்று படிவத்திலேயே இருக்கிறது. ஃபெடரல் (மத்திய அரசு) போதைப்பொருள் சட்டத்தின் கீழ் அழிக்கப்பட்ட சில வழக்குகளுக்கு மட்டும்தான் விலக்கு. மாநில உத்தரவு இந்தப் படிவத்தைக் கட்டுப்படுத்தாது. கைதின்போது எடுத்த கைரேகை எஃப்பிஐ பதிவில் அப்படியே கிடக்கலாம்.

விளக்கம் எழுதும் கட்டத்தில் தேதி, ஊர், கைது செய்த காவல்துறை, முதலில் போட்ட குற்றச்சாட்டு, கடைசியில் என்ன ஆனது, அபராதம், முடித்த வகுப்பு ஆகியவை ஐந்தாறு வரியில் இருந்தால் போதும். சாக்குப்போக்கு வேண்டாம்.

பதில் 2:
டியூஐயை விட மறைப்பதுதான் ஆபத்து. கிளியரன்ஸ் தரலாமா என்று முடிவு செய்ய 2017 ஜூன் முதல் நடப்பில் உள்ள 13 வழிகாட்டு நெறிகளில் டியூஐ மதுப்பழக்கம், குற்றச்செயல் என்ற இரண்டின் கீழ் வரும். ஒரே சம்பவம், பத்தாண்டுப் பழசு, மறுபடி நடக்கவில்லை என்றால் என் கணிப்பில் அது மட்டுமே தடையாகாது. தெரிந்தே மறைத்தால் "தனிப்பட்ட நடத்தை" என்ற ஈ (E) நெறி புதிதாகச் சேரும். அதற்குக் காலம் ஆற்றும் மருந்தாகாது, ஏனென்றால் பொய் இன்றைக்குச் சொன்னது. படிவத்தில் தெரிந்தே பொய் சொல்வது 5 ஆண்டு வரை சிறைக்குரிய ஃபெடரல் குற்றமும்கூட.

ஏற்கெனவே "இல்லை" என்று அனுப்பிவிட்டாரா? விசாரணை அதிகாரி ஆதாரத்தைக் காட்டிக் கேட்பதற்கு முன்பே நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியிடம் எழுத்தில் திருத்தச் சொல்லுங்கள். கேட்ட பிறகு ஒப்புக்கொள்வதற்கு இந்த மதிப்பு இல்லை. வக்கீல் சொன்னார் என்பதும் சலுகைதான், ஆனால் கடமை தெரிந்த உடனே முழுதும் சொன்னவருக்கே அது பலிக்கும்.

கேள்வி கேட்டவர்:
இன்னும் அனுப்பவில்லை. ஒரு சிக்கல், மனைவிக்கும் ஊரில் உள்ளவர்களுக்கும் கைது விஷயம் தெரியாது.

பதில் 3:
மனைவியிடம் முதலில் சொல்லச் சொல்லுங்கள். வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று ஒருவர் மறைத்து வைத்திருப்பதைக் காட்டி மிரட்ட முடியும் என்பதையும் ஈ நெறி தனியாகக் கணக்கில் எடுக்கிறது. மனைவிக்குத் தெரியும் என்றாலே அந்த வாதம் பெரும்பகுதி வலுவிழந்துவிடும். ஊரெல்லாம் சொல்லத் தேவையில்லை.

வேலை விஷயம் பிரிவு 13ஏ. 7 ஆண்டுக்குள் நடந்ததால் "நீக்கப்படுவோம் என்று சொல்லப்பட்டபின் விலகினேன்" என்ற கட்டத்தையே குறிக்க வேண்டும். "நல்ல வாய்ப்பு கிடைத்தது" என்று எழுதிவிட்டு, விசாரணை அதிகாரி பழைய மேலாளரிடம் பேசும்போது வேறு கதை வந்தால் நண்பர் அங்கேதான் மாட்டுவார். நிறுவனத்தின் வேலை நேரத்தைப் பெருமளவில் தவறாகப் பயன்படுத்துவதும் ஈ நெறியில் குறிப்பிட்ட குறைதான். அதனால் எத்தனை மணி நேரம் தகராறு, பணம் திருப்பித் தரப்பட்டதா என்பதற்கான மின்னஞ்சல்களை இப்போதே எடுத்து வைக்கட்டும்.

கிளியரன்ஸ் தரத் தயங்கும் காரணங்களைச் சொல்லி அரசிடமிருந்து குற்றச்சாட்டுப் பட்டியல் (Statement of Reasons) வந்தால், கையில் கிடைத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் ஒவ்வொன்றுக்கும் ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன் என்று தனித்தனியாகப் பதில் தர வேண்டும். நேரில் விசாரணை வேண்டுமென்றால் அந்தப் பதிலிலேயே கேட்க வேண்டும். அனுப்பிய படிவத்தின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த படிவத்தில் தேதி முரண்பட்டால் அதையும் கேட்பார்கள்.