இரவில் சோற்றை நிறுத்தி 6 மாதம். காலைச் சர்க்கரை மட்டும் இறங்கவில்லை, ஏன்?

முலுண்ட் கிழக்கு:

வணக்கம். கணவருக்கு வயது 46. உயரம் 168 செ.மீ., எடை 74 கிலோ, தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ. ரிப்போர்ட் இது: வெறும் வயிற்றில் சர்க்கரை 121, சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 148, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6.3, ட்ரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு) 212, ஹெச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 36, டிஎஸ்ஹெச் (தைராய்டு) 3.1, வெறும் வயிற்று இன்சுலின் 18. ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பு, முதல் கிரேடு. மாத்திரை எதுவும் இல்லை.

இரவில் சோறு கிடையாது. 4 சப்பாத்தி, உருளைக்கிழங்கு பாஜி (கறி), ஒரு வாழைப்பழம். மும்பை சிஎஸ்எம்டி ஸ்டேஷனில் வண்டி பிடித்து வீடு சேரும்போதே 9.15, சாப்பாடு 9.45. காலையில் போஹா (அவல்), மதியம் டப்பாவில் 3 சப்பாத்தியும் ஒரு காயும். ஆபீசில் நாலு கட்டிங் சாய் (அரை டம்ளர் டீ), ஒவ்வொன்றிலும் 2 ஸ்பூன் சர்க்கரை.

வீட்டு மீட்டரில் பார்த்தால் விடியற்காலை 3 மணிக்கு 108, 7 மணிக்கு 121. நடுவில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காதபோது எங்கிருந்து ஏறுகிறது? ஹார்மோன் கோளாறா? கார்ட்டிசால், லெப்டின் எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ் சொல்கிறார்கள், எடுக்கலாமா? சப்பாத்தியை விட்டு ராகிக்கு மாறலாமா?

தராசு (உணவியல்):

அம்மா, காலைச் சர்க்கரை முந்தின இரவுச் சாப்பாட்டின் மிச்சம் இல்லை. அது கல்லீரல் விடுகிற சர்க்கரை. இரவு முழுக்க மூளைக்கும் ரத்த அணுக்களுக்கும் குளுக்கோஸ் வேண்டும். கல்லீரல்தான் சேமிப்பை உடைத்தும் புதிதாகச் செய்தும் அனுப்புகிறது. "போதும், நிறுத்து" என்று அதற்குச் சொல்வது இன்சுலின். கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிட்டால் அந்தச் சொல் காதில் ஏறாது. விடியலில் கார்ட்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் இயல்பாகவே கூடுவதால் கல்லீரல் இன்னும் கொஞ்சம் திறந்துவிடுகிறது. உடல் நலமாக இருப்பவருக்கும் இது நடக்கும். அவருடைய கணையம் உடனே இன்சுலினைக் கூட்டி ஈடுகட்டிவிடும். உங்கள் கணவருக்கு அந்த ஈடு போதவில்லை. 3 மணிக்கு 108, 7 மணிக்கு 121 என்பதன் பொருள் அதுதான்.

அந்தக் கல்லீரல் கொழுப்பைக் கூட்டுவது எது என்று பார்க்க இப்போது தட்டுக்கு வருகிறேன். நீங்கள் சோற்றை நிறுத்தியிருக்கிறீர்கள், மாவுச்சத்தை நிறுத்தவில்லை. ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் மாவு என்றால் அதில் சுமார் 20 கிராம் மாவுச்சத்து. நாலுக்கு 80. வேகவைத்த சோறு 100 கிராமில் 28 கிராம்தான். அதாவது 4 சப்பாத்தி ஏறக்குறைய இரண்டு கிண்ணம் சோறு. பாஜியில் 100 கிராம் கிழங்கு, மேலே ஒரு பழம் என்றால் இன்னும் 40. ஒரே வேளையில் 120 கிராம், அதுவும் 9.45-க்கு. சர்க்கரையைக் கையாளும் திறன் உடலுக்கு மாலையில் குறைந்துகொண்டே வரும். அந்த நேரத்தில்தான் இத்தனையும் உள்ளே போகிறது. மும்பையில் நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு இது. சோறு போன இடத்தில் சப்பாத்தி வந்ததும் பத்தியம் தொடங்கிவிட்டதாக நினைத்துவிடுகிறோம்.

ராகிக்கும் இதே கணக்குதான். 30 கிராம் ராகி மாவிலும் ஏறக்குறைய 20 கிராம் மாவுச்சத்து. கால்சியம் கூடுதல், அதற்காகத் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். ரொட்டியாகத் தட்டி, காயோடு சாப்பிட்டால் அந்த வேகம் குறையும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2025-இல் வெளிவந்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் உணவு ஆய்வு சொன்னதும் இதுதான்: இந்தியர்கள் சக்தியில் சுமார் 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்தே எடுக்கிறார்கள், மொத்த அளவைக் குறைக்காமல் வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ வைப்பதால் மட்டும் ஆபத்து குறையவில்லை. மல்டிகிரெயின் மாவு வாங்கினால் பாக்கெட்டின் பின்புறம் பாருங்கள். பட்டியலில் முதலில் நிற்பது எது, எத்தனை சதவீதம் என்று தெரிந்துவிடும்.

இரவுக்கு இப்படி மாற்றுங்கள். மாலை 6 மணிக்கு ஆபீசிலேயே 30 கிராம் வறுத்த கடலையும் ஒரு டம்ளர் மோரும். பசி அடங்கிவிட்டால் 9.45-க்கு 2 சப்பாத்தி போதும், அல்லது ஒரு கிண்ணம் சோறு, 150 கிராம். சோறு குற்றவாளி இல்லை, பயப்பட வேண்டாம். காய் 200 கிராம், கிழங்கு இல்லாமல். மாட்டுங்கா மார்க்கெட்டில் கீரை, வாழைத்தண்டு, அவரை எல்லாம் கிடைக்கிறது. புரதத்துக்கு 80 கிராம் பனீர், அல்லது 2 முட்டை, அல்லது இங்கே பாங்டா என்று விற்கும் அயிலை 100 கிராம், குழம்பாக. பருப்பு மட்டும் என்றால் வேகவைக்குமுன் 40 கிராம் இருக்க வேண்டும். தண்ணீராகக் கரைத்த சாம்பாரில் பருப்பு 10 கிராம்கூட வராது. "தினமும் பருப்பு சாப்பிடுகிறோமே" என்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். தட்டில் முதலில் காய், பிறகு பனீரோ முட்டையோ, கடைசியில் சப்பாத்தி. உணவு அதேதான், வரிசை மட்டும் மாறினாலே சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரை குறைகிறது. சாப்பிட்டு எழுந்ததும் 15 நிமிடம் கட்டிடத்துக்குள்ளேயே நடக்கட்டும். வேலை செய்யும் தசை, இன்சுலின் உதவி இல்லாமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

போஹாவில் புரதம் மிகக் குறைவு. வாரம் நாலு நாள் அடை வையுங்கள்: அரிசி 1 பங்கு, பருப்பு 3 பங்கு. பருப்பு கூடினால் கல்லில் விரிந்து உடையும். கொரகொரப்பாக அரைத்து, சிறியதாக வார்த்து, தீயைக் குறைத்து மூடி போட்டு வேகவிட்டால் நிற்கும். மதிய டப்பாவிலும் ஒரு சப்பாத்தியைக் குறைத்து, கூடவே வேகவைத்த காலா சனா (கறுப்புக் கொண்டைக்கடலை) ஒரு கிண்ணம்.

டீ: நாள் ஒன்றுக்கு 8 ஸ்பூன் என்றால் 32 முதல் 40 கிராம் சர்க்கரை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி 20 முதல் 25 கிராமோடு நிறுத்தச் சொல்கிறது. சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். அது பெரும்பாலும் கல்லீரலில்தான் முடிகிறது, மிச்சம் கொழுப்பாகிறது. ட்ரைகிளிசரைடு 212 இருக்கும் வீட்டில் நான் முதலில் கை வைப்பது இந்த டீயில்தான். வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்தால் நாக்கு பழகிவிடும். வெல்லம், தேன், நாட்டுச்சர்க்கரை எதற்கும் விலக்கு இல்லை.

மாட்டுங்கா லேப்:

எண்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வீட்டு மீட்டரின் தர விதிப்படி 100-க்கு மேல் 15 சதவீதம் வரை கூடக் குறையக் காட்டலாம். அதனால் 108, 121 என்ற வித்தியாசத்தை ஒரே நாளில் நம்ப வேண்டாம். மூன்று நாள் தொடர்ந்து அதே போக்கு வந்தால் நம்பலாம். கையைச் சோப்பு போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, விரல் பக்கவாட்டில் குத்துங்கள். பழம் நறுக்கிய விரலில் எடுத்தால் நிறையக் கூடிக் காட்டும். ஈரம் காயாவிட்டால் குறைத்துக் காட்டும். மழைக்காலத்தில் இங்கே காற்றின் ஈரம் ஸ்ட்ரிப்பைக் கெடுத்துவிடும்: டப்பாவைத் திறந்ததும் மூடுங்கள், வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள், சமையலறையிலும் ஃப்ரிட்ஜிலும் வைக்காதீர்கள்.

லேபில் கொடுக்கும்போது 8 முதல் 10 மணி நேரம் வெறும் வயிறு. ரத்தம் சாம்பல் மூடிக் குழாயில் போகிறதா என்று பாருங்கள். சாதாரணக் குழாயில் பிரிக்காமல் வைத்தால் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்று மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறைத்துவிடும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் போகிறவர்களிடம் இதைக் கேட்பது முக்கியம்.

ஹெச்பிஏ1சி இரும்புச்சத்துக் குறைவில் பொய்யாகக் கூடும், அணுக்கள் சீக்கிரம் அழியும் நோய்களில் பொய்யாகக் குறையும். ஹீமோகுளோபின் பார்த்துவிட்டுப் படியுங்கள். முடி வளர பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் தைராய்டு பரிசோதனைக்கு 2 நாள் முன்பே நிறுத்த வேண்டும்.

பேக்கேஜ் வேண்டாம், பணம் வீண். உடல் பருத்தவருக்கு லெப்டின் கூடத்தான் இருக்கும், அது தெரிந்து சிகிச்சை மாறாது. கார்ட்டிசால் மணிக்கு மணி மாறுவது. கண்ட நேரத்தில் எடுத்த ஒரு எண்ணுக்கு அர்த்தம் இல்லை. அகலமான ஊதா வரிகள், லேசாகத் தொட்டாலே கன்றிப்போகும் தோல், உட்கார்ந்து எழ முடியாத தொடைப் பலவீனம் இருந்தால் மட்டும் கார்ட்டிசால் அதிகமோ என்று சந்தேகப்படலாம். அப்போதும் முறை வேறு: இரவு 11 மணிக்கு 1 மி.கி. டெக்ஸாமெத்தாசோன் மாத்திரை, காலை 8 மணிக்கு ரத்தம். அதை மருத்துவர்தான் எழுதித் தரவேண்டும்.

இன்னொன்று. இடுப்பைத் தொப்புளில் அளக்காதீர்கள். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும்.

செம்பூர் எண்டோ:

ஹார்மோன் மருத்துவராகச் சொல்கிறேன், மேலே சொன்னவை சரி. இன்சுலின் 18-ஐ 121-ஆல் பெருக்கி 405-ஆல் வகுத்தால் 5.4 வருகிறது. இது இன்சுலின் எதிர்ப்பின் கணக்கு, எண் கூடினால் எதிர்ப்பும் கூடுதல். இன்சுலின் தட்டுப்பாடு இல்லை, வேலை செய்யவில்லை. சகோதரி, இதில் நல்ல செய்தியும் இருக்கிறது. கணையம் இன்னும் கையை விரிக்கவில்லை. இப்போதே பிடித்தால் திரும்ப முடியும்.

"74 கிலோ பெரிய எடையா?" என்று வீட்டில் கேட்பார்கள். பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 26.2. நம் ஆட்களுக்கு 23-லேயே கூடுதல் எடை, 25-லிருந்து உடல் பருமன் என்று கணக்கு. இடுப்புச் சுற்றளவுக்கு வரம்பு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80. புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-இல் தங்கள் இருவரையுமே ஒப்பிட்டுக் காட்டினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3; ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. தோலுக்கடியில் கொழுப்புக்கு இடம் தீர்ந்ததும் அது கல்லீரலுக்கும் கணையத்துக்கும் போகிறது. நமக்கு அந்த இடம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

எவ்வளவு குறைக்க வேண்டும்? 7 சதவீதம், அதாவது 5 கிலோவுக்குக் கொஞ்சம் மேல், ஆறு மாதத்தில். அமெரிக்காவின் 2002 தடுப்பு ஆய்வில் இந்த இலக்கும் வாரம் 150 நிமிட நடையும் சேர்ந்து நீரிழிவாக மாறுவதை 58 சதவீதம் குறைத்தன. மெட்ஃபார்மின் மாத்திரை 31 சதவீதம். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு சென்னையில் நடத்திய 2006 ஆய்வில் வாழ்க்கைமுறை மாற்றம் 28.5, மெட்ஃபார்மின் 26.4. கல்லீரல் சீக்கிரமே பதில் சொல்லும். நியூகாசிலில் 2011-இல் நாளுக்கு 600 கலோரி கொடுத்த ஆய்வில் ஒரே வாரத்தில் காலைச் சர்க்கரை இயல்பானது, கல்லீரல் கொழுப்பு 30 சதவீதம் இறங்கியது. அதை வீட்டில் செய்யாதீர்கள், அது கண்காணிப்பில் நடந்தது. எது முதலில் மாறும் என்று தெரிந்துகொள்ளவே சொல்கிறேன்.

ஹார்மோன் என்று கேட்டீர்கள். தைராய்டு இங்கே குற்றவாளி இல்லை. அது குறைந்தாலும் பெரும்பாலும் சில கிலோதான் ஏற்றும், அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும்தான். உண்மையில் மல்லுக்கட்டப்போவது லெப்டினும் கிரெலினும். லெப்டின், கொழுப்பே மூளைக்கு அனுப்பும் இருப்புக் கணக்கு, 1994-இல் கண்டறிந்தார்கள். கிரெலின் இரைப்பையின் பசிக்குரல், 1999. எடை இறங்கினால் லெப்டின் விழும், கிரெலின் ஏறும். மெல்போர்ன் ஆய்வில் எடை குறைந்து ஓராண்டு கழித்தும் இந்த மாற்றம் போகவில்லை. நாலாம் மாதம் பசி கூடுவது மனத்தின் கோழைத்தனம் இல்லை, உடல் பஞ்சம் என்று நினைத்துக்கொள்கிறது. அந்த மாதத்தில் அவரைத் திட்டாதீர்கள். புரதத்தை நாளுக்கு 75 கிராம் அருகே வையுங்கள், வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சி கொடுங்கள். தூக்கம் 5 மணி நேரம் என்றால் இதே இரண்டு ஹார்மோன்களும் மறுநாளே புரளும். வண்டி நேரத்தை மாற்ற முடியாவிட்டாலும் சாப்பிட்டபின் கைபேசி பார்க்கும் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தலாம்.

முலுண்ட் கிழக்கு:

மூவருக்கும் நன்றி. என் மாமியாருக்கும் சர்க்கரை இருக்கிறது, கிளிமிபிரைடு சாப்பிடுகிறார். அவருக்கும் இதே அளவில் குறைக்கலாமா? ஏகாதசி விரதமும் இருப்பார், சாபுதானா (ஜவ்வரிசி) கிச்சடி மட்டும்.

செம்பூர் எண்டோ:

அவருக்கு இதை அப்படியே செய்யாதீர்கள், முதலில் அவருடைய மருத்துவரிடம் பேசுங்கள். கிளிமிபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைப் பிழியும். மாவுச்சத்தைப் பாதியாக்கி மாத்திரையை அப்படியே விட்டால் சர்க்கரை 70-க்குக் கீழே போகலாம்: வியர்வை, நடுக்கம், குழப்பம். வயதானவருக்குச் சில நேரம் நடுக்கமே இல்லாமல் நேராகக் குழப்பம்தான். உடனே 15 கிராம் சர்க்கரை, 3 டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். மயங்கியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை உள்ளவர்கள் மாவுச்சத்தை அடியோடு நிறுத்திப் பட்டினி கிடந்தால், சர்க்கரை 200-க்குள் இருக்கும்போதே ரத்தம் அமிலமாகலாம். வாந்தி, வயிற்றுவலி வந்தால் அன்றே மருத்துவமனை.

தராசு (உணவியல்):

சாபுதானா கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து, புரதம் இல்லை என்றே சொல்லலாம். விரதநாளில் அது கால் பங்கு, மீதி வேர்க்கடலை, தயிர், பூசணி. கிழங்கு சேர்க்க வேண்டாம்.

முலுண்ட் கிழக்கு:

சரி. கணவருக்கு அடுத்த பரிசோதனை எப்போது?

மாட்டுங்கா லேப்:

வீட்டு மீட்டரில் காலைச் சர்க்கரை வாரம் இரண்டு நாள், ஒரே நேரத்தில். ஹெச்பிஏ1சி 3 மாதம் கழித்து. சிவப்பணு 120 நாள் வாழும், அதற்கு முன் எடுத்தால் பழைய கணக்கும் கலந்தே வரும். ட்ரைகிளிசரைடையும் அன்றே சேர்த்துப் பாருங்கள். லேபில் காலைச் சர்க்கரை இரண்டு முறை நீரிழிவுக் கோடான 126-ஐத் தொட்டாலோ, காரணமில்லாமல் எடை இறங்கி, தாகமும் சிறுநீரும் கூடினாலோ மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம்.