துரை பங்களாவில் கிடைத்த ஆலிஸ் கோல்ட்ரேன் தட்டு: வைத்துக்கொள்வதா, விற்பதா?

சிப்புட்_தோட்டத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் சுங்கை சிப்புட். பக்கத்துத் தோட்டத்தில் பழைய துரை பங்களாவை உடைக்கிறார்கள் என்று உள்ளே கிடந்த சாமான்களை எல்லாம் பழைய இரும்பு எடுக்கும் லோரியில் ஏற்றிவிட்டார்கள். அந்தக் கடையில் வேலை செய்யும் மாமா, ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டு வந்திருக்கிறது, வேண்டுமானால் வந்து பார் என்று கூப்பிட்டார். முக்கால்வாசி ஜிம் ரீவ்ஸ், கிளிஃப் ரிச்சர்ட், அப்புறம் கிறிஸ்துமஸ் பாட்டு. அதற்கு நடுவில் அமெரிக்க ஜாஸ் ஹார்ப் கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா'! இரவு வேலை முடிந்து வந்து ஃபோனில் நான் விடாமல் கேட்கும் இசை அது. தட்டாகக் கையில் பிடித்தபோது உண்மையிலேயே கை நடுங்கிவிட்டது.

அட்டையில் ஒரு மூலையை வெட்டியிருக்கிறார்கள். தட்டின் மேல் வெள்ளையாகப் பூசணம், உள்ளுறைக் காகிதம் பழுப்பேறிக் கிடக்கிறது, ஆனால் கீறல் அதிகம் இல்லை. கோலாலம்பூரில் ஒரு கடைக்காரருக்குப் படம் அனுப்பினேன், மூலை வெட்டிய தட்டுக்கு மதிப்பே கிடையாது, 80 வெள்ளி (ரிங்கிட்) தருகிறேன் என்றார். இது முதல் பதிப்புதானா என்று எதை வைத்துப் பார்ப்பது? பூசணத்தை எப்படி எடுப்பது? மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும் வீட்டில் எப்படி வைத்துக் காப்பாற்றுவது? கட்டுப்பாடில்லாமல் வாசிக்கும் ஃப்ரீ ஜாஸ், கறுப்பின அமெரிக்கர்களின் சோல் பாட்டு இரண்டையும் சேர்க்க ஆசை, ஆனால் சம்பளம் பெரிய சம்பளம் இல்லை. எங்கே தொடங்கலாம், சொல்லுங்கள்.

கிள்ளான்_ஊசி:

தம்பி, முதலில் அந்த 80 வெள்ளிக்குக் கொடுத்துவிடாதீர்கள். மூலை வெட்டியதும் துளை போட்டதும் தட்டின் குறை அல்ல. விற்காமல் தேங்கிய சரக்கை அமெரிக்க கம்பெனிகள் தள்ளுபடியில் தள்ளிவிடும்போது, யாரும் அதை முழு விலைக்குத் திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது என்று அட்டையில் போட்ட அடையாளம் அது. அட்டைக்குக் கொஞ்சம் விலை குறையும், உள்ளே இருக்கும் இசைக்கு ஒன்றும் ஆகாது.

நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். இந்தத் தட்டை இம்பல்ஸ் என்ற அமெரிக்க ஜாஸ் கம்பெனி 1971-ல் வெளியிட்டது, எண் ஏஎஸ்-9203. அந்தக் காலத்து இம்பல்ஸ் லேபிள் கறுப்பு, ஓரத்தில் சிவப்பு வளையம் இருக்கும். பச்சை வட்டம் போட்ட லேபிள் என்றால் எழுபதுகளின் நடுவில் மறுபடி அடித்தது. எம்சிஏ என்ற பெயர் எங்காவது தெரிந்தால் இன்னும் பிந்தியது, ஏனென்றால் இம்பல்ஸின் தாய்க் கம்பெனியான ஏபிசியை எம்சிஏ வாங்கியதே 1979-ல்தான்.

இந்தத் தட்டு நம் ஆட்கள் கைக்கு வந்ததில் எனக்குத் தனி சந்தோஷம். தட்டின் பெயரில் இருக்கும் சுவாமி சச்சிதானந்தர் கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்தில் 1914-ல் பிறந்தவர், 1969-ல் அமெரிக்காவில் நடந்த வுட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்துப் பேசியவரும் அவர்தான். கணவரும் சாக்ஸ் கலைஞருமான ஜான் கோல்ட்ரேன் 1967-ல் இறந்த பிறகு உடைந்து போயிருந்த ஆலிஸ் அவரைக் குருவாக ஏற்றுக்கொண்டார். 1970 நவம்பரில் நியூயார்க் பக்கம் டிக்ஸ் ஹில்ஸில் தங்கள் வீட்டு ஸ்டூடியோவிலேயே முதல் நான்கு பாடல்களையும் பதிவு செய்தார்கள். தம்பூரா சுருதி பிடிக்க, மேலே ஆலிஸின் ஹார்ப், ஃபரோ சாண்டர்ஸின் சோப்ரானோ சாக்ஸ். இதை விற்றுவிட்டு வேறு எதை வாங்கப் போகிறீர்கள்?

பூசணத்துக்கு வருகிறேன். சுத்தம் செய்யாமல் ஊசியை வைக்கவே கூடாது, அழுக்கை ஊசியே பள்ளத்துக்குள் அழுத்தித் தேய்த்துவிடும். வீட்டுக்கு வெளியே மூக்கை மூடிக்கொண்டு மெல்லிய பிரஷ்ஷால் காய்ந்த பூசணத்தைத் தட்டிவிடுங்கள். காய்ச்சி வடித்த தண்ணீரில் கொஞ்சம் ஐசோப்ரோபைல் ஆல்கஹால், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. மெல்லிய துணியில் நனைத்து, பள்ளம் போகும் வழியிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே கூடாது. லேபிள் நனையக் கூடாது. அப்புறம் வெறும் வடித்த தண்ணீரால் இன்னொரு தரம். குழாய்த் தண்ணீர் காய்ந்தால் உப்புப் படிந்து சத்தம் போடும். நிழலில் நிறுத்திக் காயவிடுங்கள், வெயில் பட்டால் தட்டு வளைந்துவிடும். பழைய உள்ளுறையைத் தயவு பார்க்காமல் எறியுங்கள், பூசணத்தின் விதை அதில்தான் இருக்கிறது. பெட்டியில் 78 வேகத்துப் பழைய ஷெல்லாக் தட்டு ஏதாவது இருந்தால் அதில் ஆல்கஹால் படவே கூடாது, கரைந்துவிடும்.

ஈப்போ_மழை:

அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீடும் ஈரம்தான், அதனால் தட்டு அலமாரியை வெளிச்சுவரை ஒட்டி வைப்பதில்லை, காற்று போக இடைவெளி விட்டு, காலுக்கு அடியில் செங்கல் கொடுத்திருக்கிறேன். கரையானுக்கும் அது நல்லது. தட்டுகளை நிமிர்த்தித்தான் அடுக்க வேண்டும், படுக்கவைத்தால் அடியில் இருப்பது போச்சு. பத்து இருபது தட்டுதான் என்றால் கேமரா வைக்கும் ஈரம் உறிஞ்சும் பெட்டி போல மூடிய பெட்டி போதும், ஈரப்பதம் 50 விழுக்காட்டுப் பக்கம் நின்றால் பூசணம் தலை தூக்காது. கெட்டியான பிவிசி உறை வேண்டாம், நம் வெப்பத்தில் அது தட்டோடு வினைபுரிந்து மங்கலான படலம் விட்டுவிடும், தேய்த்தாலும் போகாது. பாலிஎதிலீன் உறை வாங்குங்கள்.

ஆனால் முதல் பதிப்பு என்ற மோகத்தில் மட்டும் விழாதீர்கள். நல்ல மறுபதிப்பு வாங்கிக் கேட்டாலும் அதே இசைதான். தோட்டத்துச் சம்பளத்தை நியூயார்க் விலைக்குக் கொட்ட வேண்டியதில்லை.

கிள்ளான்_ஊசி:

தங்கச்சி, பணத்தைப் பற்றிச் சொன்னது சரி. அதே இசைதான் என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜான் கோல்ட்ரேனின் 'அசென்ஷன்' 1965 ஜூனில் பதிவானது, பதினொரு பேர் சேர்ந்து இரண்டு முறை முழுவதுமாக வாசித்தார்கள். முதலில் ஒரு வாசிப்பு தட்டாக வந்தது. கோல்ட்ரேனுக்குப் பிடித்தது மற்றது. கம்பெனி அதே அட்டையில், அதே எண்ணில் உள்ளே இசையை மாற்றிவிட்டது. லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் 'எடிஷன் II' என்று கீறியிருந்தால் இரண்டாவது, இல்லாவிட்டால் முதலாவது. தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படித்தால்தான் கையில் இருப்பது எது என்றே தெரியும். ஃப்ரீ ஜாஸில் ஒரு முறை வாசித்தது மறுபடி வராது, அதனால் எந்தத் தட்டில் எந்த வாசிப்பு என்று தேடுவதை வெறும் சேகரிப்பு ஆசை என்று தள்ளிவிட முடியாது.

முதல் தடவை ஆல்பர்ட் அய்லர் என்ற ஃப்ரீ ஜாஸ் சாக்ஸ் கலைஞரைக் கேட்பவர்கள் இது என்ன இரைச்சல் என்று கழற்றிவிடுவார்கள். நாம் தைப்பூசத்தில் காவடிக்குப் பக்கத்தில் நின்று உருமி மேளம் கேட்டு வளர்ந்தவர்கள், நமக்கு அது எளிதாகவே பிடிபடும். 1964-ல் பதிவான 'ஸ்பிரிச்சுவல் யூனிட்டி'யில் தொடங்குங்கள், அதற்கு மறுபதிப்பே போதும்.

பினாங்கு_45:

சோல் பற்றி யாரும் பேசவில்லையே. தம்பி, நம் நாட்டில் பழைய ஜாஸ் தட்டு கிடைப்பது அரிது, சோல் 45கள் (45 வேகத்தில் சுற்றும் சின்னத் தட்டுகள்) அப்படி இல்லை. வியட்நாம் போர் நேரத்தில் அமெரிக்க வீரர்கள் ஓய்வுக்குப் பினாங்கு வந்து போனார்கள், பட்டர்வொர்த்தில் 1988 வரை ஆஸ்திரேலிய விமானப்படைத் தளம் இருந்தது. அவர்கள் விட்டுப் போனது கொஞ்சமாவது இந்தப் பக்கத்து வீடுகளில் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் நான் தேடுகிறேன். நடுவில் பெரிய ஓட்டை இருந்தால் பெரும்பாலும் அமெரிக்கத் தட்டு, சின்ன ஓட்டையோடு பிரித்தெடுக்கும் நடுப்பகுதி இருந்தால் பிரிட்டிஷ். அமெரிக்க சோல் கம்பெனி மோட்டவுனின் பாட்டுகளை 1965-லிருந்து பிரிட்டனில் இஎம்ஐ கம்பெனி டாம்லா மோட்டவுன் என்ற பெயரில் வெளியிட்டது, அந்த 45களை இங்கே இன்னும் நியாயமான விலைக்குப் பார்க்கலாம்.

இங்கிலாந்தின் வடக்கே நடனக் கிளப்புகளில் தேடித் தேடிப் போட்டதெல்லாம் அமெரிக்காவில் விற்காமல் தோற்ற சோல் தட்டுகள். தோற்றதால் குறைவு, குறைவானதால் விலை. ஃபிராங்க் வில்சனின் 1965 தட்டு ஒன்று 2009-ல் 25,742 பவுண்டுக்குப் போனது. அந்தக் கணக்கில் நீங்கள் இறங்க வேண்டாம். ஓட்டிஸ் ரெடிங், அரெத்தா ஃபிராங்க்ளின் என்று மில்லியன் கணக்கில் அடித்த தட்டுகளிலேயே வாழ்நாளுக்கும் போதுமான இசை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈப்போ பழைய பொருள் சந்தை, கோலாலம்பூர் பக்கம் போனால் பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மால், இரண்டிலும் பெட்டியைப் பொறுமையாகப் புரட்டுங்கள்.

சிப்புட்_தோட்டத்தான்:

பார்த்துவிட்டேன், கறுப்பு லேபிள், சிவப்பு வளையம்! விற்கவில்லை. நீங்கள் சொன்ன மாதிரியே துடைத்து, நிழலில் நிறுத்தியிருக்கிறேன். பெட்டியை மறுபடி புரட்டியதில் டாம்லா மோட்டவுன் 45 ஒன்றும் இருந்தது, மார்வின் கே பாடியது. வெளிநாட்டிலிருந்து வாங்கினால் வரி வருமா?

கிள்ளான்_ஊசி:

வரும். 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளை வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கினால் 2024 ஜனவரியிலிருந்து 10 விழுக்காடு விற்பனை வரி, பெரிய தளங்கள் வாங்கும்போதே சேர்த்துவிடும். தபால் செலவையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, ஒரே விற்பனையாளரிடம் மூன்று நான்கு தட்டாக வாங்குங்கள். தட்டை அட்டைக்கு வெளியே எடுத்துத் தனியாக வைத்து அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வழியில் ஆடி ஆடி அட்டையின் ஓரம் கிழிந்துதான் வந்து சேரும்.