பேக்மேன் தவளை சாப்பிடவில்லை, தொடையடியில் சிவப்பு: செங்கால் நோயா?

ஈரமண்:

வளர்ந்த பெண் பேக்மேன் தவளை (தென் அமெரிக்கக் கொம்புத் தவளை), எடை 140 கிராம். இரண்டு வாரமாக இரையைத் தொடவில்லை. வழக்கமாகக் கண் மட்டும் வெளியே தெரியும்படி புதைந்து கிடக்கும். இப்போது புதைவதே இல்லை. பகலிலும் கண்ணாடி ஓரமாக நடக்கிறது, சுவரில் ஏறப் பார்க்கிறது. அடிவயிறும் தொடைகளின் உட்புறமும் இளஞ்சிவப்பாக இருக்கின்றன. முதுகில் மெல்லிய வெள்ளைத் தோல் துணுக்குகள் ஒட்டியிருக்கின்றன. பின்கால் விரல்கள் அவ்வப்போது துடிக்கின்றன.

தொட்டியில் மண்ணாக 8 செ.மீ. ஆழத்துக்குக் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மாற்றி மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. எச்சம் கண்ணில் பட்டால் மட்டும் எடுத்துவிடுவேன். வெப்பம் 22 முதல் 23 டிகிரி செல்சியஸ். கிண்ணத்தில் ஒரு நாள் திறந்து வைத்த குழாய்த் தண்ணீர். உணவு பெரும்பாலும் கிரிக்கெட் பூச்சி, எப்போதாவது எலிக்குஞ்சு. கால்சியம் பொடி ஒழுங்காகத் தூவியதில்லை.

இது செங்கால் நோய்தானா? நமக்கான ஆன்டிபயாடிக் களிம்பைத் தடவலாமா? உப்புத் தண்ணீரில் வைக்கலாமா? தவளை பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் நான்கு நாள் கழித்துத்தான் நேரம் கிடைத்திருக்கிறது.

வயல்வரப்பு:

நோயின் பெயரை அப்புறம் பார்க்கலாம். முதலில் தவளையை அந்தக் கோகோபீட்டிலிருந்து வெளியே எடுங்கள், இன்றைக்கே. நீங்கள் சொல்லும் குறிகளில் மிக முக்கியமானது சிவப்பு அல்ல, புதைய மறுப்பது. இந்த இனம் நாள் முழுக்க மண்ணுக்குள் கிடக்கப் பிறந்தது. அது மண்ணை விட்டு ஏறி ஓடப் பார்க்கிறது என்றால் அந்த மண் அதன் வயிற்றை எரிக்கிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

காரணம் இது. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடையிடுக்கிலும் உள்ள மெல்லிய தோல் வழியாகத்தான் ஈரத்தை உறிஞ்சுகிறது. சிறுநீரிலும் எச்சத்திலும் உள்ள நைட்ரஜன் கழிவைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவாக மாற்றுகின்றன. கண்ணுக்குத் தெரியும் எச்சத்தை எடுத்தாலும் சிறுநீர் அடியிலேயே தங்கிவிடும். அதன்மேல் தவளை அதே தோலை அழுத்திப் படுத்திருக்கிறது. நஞ்சு நேரே உடம்புக்குள் போய்விடுகிறது. அமைதியின்மை, சிவப்பு, கால் துடிப்பு, முற்றினால் வலிப்பு என்று போகும்.

மூடியில் காற்றுத் துளைகள் போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று எடுங்கள். அடியில் வாசனையும் சாயமும் இல்லாத பேப்பர் டவலை இரண்டு மடிப்பாக விரித்து, குளோரின் நீக்கிய தண்ணீரில் நனையுங்கள். சொட்டும் அளவுக்கு அல்ல, கையால் தொட்டால் ஈரம் ஒட்டும் அளவுக்கு. மேலே இன்னொரு ஈர டவலைக் கசக்கிப் போட்டால் அதற்கடியில் ஒளிந்துகொள்ளும். முதல் நாள் நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை டவலை மாற்றுங்கள், பிறகு காலையும் மாலையும். தூக்கும்போது பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறையை அதே தண்ணீரில் நனைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

டப்பாவில் வைத்தவுடன் ஒரு படம், 12 மணி நேரம் கழித்து ஒரு படம், 24 மணி நேரத்தில் ஒன்று. எல்லாம் அதே வெளிச்சத்தில், அடிப்பக்கம் தெரிய. எரிச்சலால் வந்த சிவப்பு மண்ணைத் தொட்ட இடமெல்லாம் சீராகப் பரவியிருக்கும், சுத்தமான ஈரத்தில் வைத்தால் ஒரு நாளில் வெளிறத் தொடங்கும். இரத்தத்தில் கிருமி ஏறிய செங்கால் நோயில் ஊசிமுனை அளவு இரத்தப் புள்ளிகள், திட்டுகள், விரல் நுனியில் புண், உடம்பில் நீர்வீக்கம் எல்லாம் வரும். தவளை ஓடாது, துவண்டு கிடக்கும். சிவப்பு பரவினாலோ, புள்ளிகள் தெரிந்தாலோ நான்கு நாள் காத்திருக்க வேண்டாம். மருத்துவரை அழைத்து அவசரம் என்று சொல்லுங்கள்.

இந்த இரண்டும் சேர்ந்தும் வரும். செங்கால் நோயோடு அதிகம் பேசப்படும் ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா தண்ணீரிலும், நலமான தவளையின் குடலிலும்கூட இருக்கும் கிருமிதான். தோல் புண்ணாகி, உடல் தளர்ந்த பிறகு உள்ளே நுழைகிறது.

பழைய மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, குளோரின் நீக்கிய தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டி, மீன்தொட்டி டெஸ்ட் கிட்டில் அம்மோனியா பாருங்கள். சுத்தமான தண்ணீரையும் பக்கத்தில் வைத்துச் சோதித்தால் நிற வித்தியாசம் தெரியும்.

மழைக்கால்:

தண்ணீர் பற்றி மட்டும். ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். குளோரமின் போகாது. பல ஊர்களில் குழாய்த் தண்ணீரில் கலப்பது குளோரமின்தான். சோடியம் தயோசல்பேட் உள்ள குளோரின் நீக்கியைப் புட்டியில் போட்ட அளவுப்படி கலந்துவிடுங்கள். வெறும் தயோசல்பேட் குளோரமினை உடைக்கும்போது அம்மோனியா மிஞ்சும். அதையும் கட்டிப்போடும் வகையா என்று லேபிளில் பாருங்கள். அதற்குப் பயந்து காய்ச்சி வடித்த தண்ணீருக்கோ ஆர்.ஓ. தண்ணீருக்கோ மாறாதீர்கள். அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. நோயுற்ற தவளையை அதில் ஊறவைத்தால் உடலில் உள்ள உப்பு வெளியேறி, நீர் உள்ளே ஏறும்.

22 டிகிரி இந்த இனத்துக்குக் குறைவு. 24 முதல் 28 வரை இருக்கட்டும். குளிரில் செரிமானமும் நோய் எதிர்ப்பும் மந்தமாகிவிடும். வெப்பப் பாயைத் தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டி, தெர்மோஸ்டாட்டோடு வையுங்கள். அடியில் வைக்கக் கூடாது. சூடு தாங்காவிட்டால் தவளை கீழே தோண்டும், கீழேதான் நெருப்பு. டப்பாவில் இருக்கும்வரை அறையையே சூடாக்குவது பாதுகாப்பு.

துளிக்கணக்கு:

மருந்துக் கேள்விக்கு வருகிறேன். களிம்பு வேண்டாம். முக்கியமாக, வலி நீக்கி சேர்த்த எதுவும் வேண்டாம். பெயர் 'கெயின்' என்று முடியும் பென்சோகெயின், லிடோகெயின் போன்றவை தவளைத் தோல் வழியாக இரத்தத்துக்குப் போகும். தவளையை மயக்கமடையச் செய்வதற்கும், அளவு கூட்டினால் கருணைக் கொலைக்கும் பயன்படுகிற மருந்து பென்சோகெயின். புண்ணில் தடவினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சோப்பு கலந்த அயோடின் கழுவியும் அப்படித்தான் ஆபத்து.

செங்கால் என்று உறுதியானால் மருத்துவர் பெரும்பாலும் என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் தருவார். கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி., 24 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது வழக்கமான அளவு. 140 கிராம் தவளைக்கு 10 வீதம் கணக்கிட்டால் 1.4 மி.கி. கடையில் கிடைக்கும் 5 சதவீத ஊசி மருந்தில் ஒரு மில்லியில் 50 மி.கி. இருக்கிறது. ஆக, வேண்டியது 0.028 மி.லி. சொட்டுக்குழாயிலிருந்து விழும் ஒரு துளி சுமார் 0.05 மி.லி. ஒரு துளி வைத்தாலே அளவு கிட்டத்தட்ட இரட்டிப்பு. போதாததற்கு அந்தக் கரைசல் காரத்தன்மை உள்ளது, நேராக விட்டால் தோல் வெந்துபோகும். மருந்துக்கடையில் நீர்த்துக் கொடுத்தால்தான் உபயோகம். அதனால்தான் எடை தெரியாமல் யாரும் அளவு சொல்லக் கூடாது. நீங்கள் எடை எழுதியது மிக நல்லது. வாரம் ஒருமுறை அதே தராசில் போட்டுக் குறித்துவையுங்கள்.

உப்புக் குளியல் மருந்து அல்ல, தாங்கி நிறுத்தும் உதவி. நீர்வீக்கமோ தோல் சேதமோ இருந்தால் தவளைகளுக்கான ரிங்கர் கரைசல் உதவும்: ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த தண்ணீரில் சோடியம் குளோரைடு 6.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.15, கால்சியம் குளோரைடு 0.15, சோடியம் பைகார்பனேட் 0.2 கிராம். 0.01 கிராம் காட்டும் தராசு இல்லாமல் இதைக் கலக்காதீர்கள். சமையல் உப்பைக் கண்ணளவில் போடுவது அதைவிட மோசம். தண்ணீர் எதுவானாலும் தாடைக்குக் கீழேதான் நிற்க வேண்டும். பேக்மேன் தவளைக்கு நீச்சல் வராது, சோர்ந்திருக்கும்போது இரண்டு விரல் ஆழத்திலேயே மூழ்கிவிடும்.

ஈரமண்:

எல்லோருக்கும் நன்றி. மண் பிழிந்த தண்ணீரில் அம்மோனியா கிட்டின் கடைசி நிறத்தையும் தாண்டிவிட்டது. பக்கத்தில் வைத்த தண்ணீரில் பூஜ்யம். ஒரு நாளில் தொடைச் சிவப்பு நன்றாக வெளிறிவிட்டது, புள்ளிகள் எதுவும் தெரியவில்லை. ஓட்டமும் நின்றது. ஆனால் விரல் துடிப்பு அப்படியே இருக்கிறது. ஒரு பூச்சியைக் காட்டினேன். பாய்ந்தது, நாக்கு பட்டது, பூச்சி ஒட்டவில்லை. தோலும் இன்னும் துணுக்குத் துணுக்காகத்தான் உரிகிறது.

வயல்வரப்பு:

இப்போதைக்கு இரை காட்டுவதை நிறுத்துங்கள். அம்மோனியா தெளிவாக ஒரு காரணம். துடிப்பு நிற்காதது வேறு கதை, அதைப் பற்றி எலும்புமூடு சொல்வதைக் கவனியுங்கள்.

எலும்புமூடு:

அம்மோனியா விலகிய பிறகும் துடிப்பு தொடர்ந்தால் இரத்தத்தில் கால்சியம் குறைவு என்பதுதான் அடுத்த சந்தேகம். கிரிக்கெட் பூச்சியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். பொடி தூவாமல் அதையே போட்டால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ஈடுகட்டும். முன்னிருந்து தாடையைப் பாருங்கள்: இரண்டு பக்கமும் சமமா, கீழ்த்தாடை தொங்குகிறதா, வாய் முழுதாக மூடுகிறதா. விரலால் அழுத்திப் பார்க்காதீர்கள், மெலிந்த எலும்பு முறிந்துவிடும். மருத்துவரிடம் எக்ஸ்ரே கேளுங்கள். துடிப்பு உடல் முழுவதற்கும் பரவினால் அவர் கால்சியம் குளுக்கோனேட் தருவார். இந்தக் கட்டத்தில் வீட்டில் வாய்வழியாகப் பொடியைத் திணிப்பதால் பயனில்லை, புரையேறும்.

நாக்கு பட்டும் இரை ஒட்டாதது வைட்டமின் ஏ குறைவாகவும் இருக்கலாம். அது குறைந்தால் நாக்கில் பிசின் சுரக்கும் சுரப்பிகளின் மேல்தோல் தடித்து, வறண்டு போகும். தவளை சரியாகக் குறிவைக்கும், நாக்கும் படும், இரை மட்டும் நழுவும். இமை வீக்கமும் கூடவே வரலாம். தவளைக்குக் கொடுக்கும் பொடியில் ரெட்டினால் வடிவில் வைட்டமின் ஏ இருக்க வேண்டும். பீட்டா கரோட்டின் மட்டும் உள்ள பொடியைப் பல தவளைகளின் உடம்பு வைட்டமினாக மாற்றுவதில்லை. அளவு மீறினால் இதுவும் நஞ்சு. ஊசியை மருத்துவர் தீர்மானிக்கட்டும்.

தேறிய பிறகு: பூச்சிகளுக்கு 48 மணி நேரம் கால்சியம் மிகுந்த தீவனம் போட்டு, கொடுக்கும் நிமிடத்தில் பொடியில் உருட்டிக் கொடுங்கள். முன்கூட்டித் தூவி வைத்தால் பூச்சி கால்களால் தேய்த்துத் தானே சுத்தம் செய்துகொள்ளும், தொட்டியில் திரியும் பூச்சியில் பொடி மிஞ்சாது. மண்புழுவில் கால்சியம் பூச்சியைவிட நல்ல விகிதத்தில் உண்டு. இந்த இனத்துக்கு அதுதான் முதன்மை உணவாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எலிக்குஞ்சைக் குறைத்துவிடுங்கள், கொழுப்பு ஏறும்.

துளிக்கணக்கு:

தோல் துணுக்கை விட்டுவிடக் கூடாது. நலமான தவளை தோலை ஒரே உறையாக உரித்துத் தானே தின்றுவிடும். துணுக்காக ஒட்டி நின்றால் வறட்சி, எரிச்சல், கைட்ரிட் பூஞ்சை மூன்றும் கணக்கில் வரும். கைட்ரிட் தவளைத் தோலின் உப்புப் போக்குவரத்தைக் கெடுத்து, சோடியமும் பொட்டாசியமும் குறைந்து இதயம் நிற்கும்வரை கொண்டுபோகும். வெளியில் தெரிவது சோர்வும் தோலுரிவும்தான். அடிவயிறு, தொடை, பின்கால் விரலிடைகளில் ஸ்வாப் எடுத்து பி.சி.ஆர். செய்யச் சொல்லுங்கள், எந்த மருந்தும் தொடங்குவதற்கு முன்பே.

கைட்ரிட் உறுதியானால் இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்தின் 0.01 சதவீதக் கரைசலில் தினம் 5 நிமிடம், 11 நாள் என்பது பல காலமாக நிலைத்த முறை, 0.0025 சதவீதமும் பல இனங்களில் போதுமானதாக இருந்திருக்கிறது. குஞ்சுகளுக்கு 0.01 தாங்காது. முடிவு வரும்வரை வேறு தவளைகள் இருந்தால் இடுக்கி, கிண்ணம், கையுறை எதையும் பொதுவாகப் பயன்படுத்தாதீர்கள். இந்தத் தவளையை எப்போதும் கடைசியாகக் கவனியுங்கள். மனிதருக்கும் தொற்றும் சால்மோனெல்லா கிருமிக்காகவும் சொல்கிறேன்: கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம்.

எச்சம் போட்டால் ஈர டவலோடு சிறு டப்பாவில் மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, அன்றே அல்லது மறுநாள் கொண்டுபோங்கள். உறைய விடாதீர்கள், ஒட்டுண்ணி சிதைந்துவிடும். எச்சமே போடாமல் வயிறு ஒரு பக்கம் கெட்டியாக இருந்தால் கோகோபீட் அடைத்திருக்கலாம். தாடைக்குக் கீழ் நிற்கும் 26 டிகிரித் தண்ணீரில் 20 நிமிடம் வையுங்கள், வயிற்றைப் பிசையாதீர்கள்.

வயல்வரப்பு:

தொட்டியை வெந்நீரில் கழுவி முழுக்கக் காயவிடுங்கள். கைட்ரிட் வறட்சியையும் சூட்டையும் தாங்காது, 60 டிகிரியில் ஐந்து நிமிடம் போதும். தொட்டியில் பாசி வைத்திருந்தால் தூக்கிப் போடுங்கள். புதுக் கோகோபீட்டில் உரமோ உப்போ கலக்காதது பார்த்து வாங்கி, இரண்டு முறை அலசுங்கள். எச்சம் தெரிந்த இடத்தில் சுற்றியுள்ள மண்ணையும் கைப்பிடி அளவு அள்ளிவிடுங்கள். மாதம் ஒருமுறை முழுதும் மாற்றுங்கள். ஸ்வாப் முடிவு வரும்வரை தவளை டப்பாவிலேயே இருக்கட்டும். பேப்பர் டவலில் அதற்கு எந்தக் குறையும் இல்லை, எச்சத்தையும் தோலையும் நீங்கள் ஒவ்வொரு நாளும் பார்க்கலாம்.

மருத்துவரிடம் போகும்போது டவல் விரித்த அதே டப்பாவில், தண்ணீர் ஊற்றாமல் கொண்டுபோங்கள். மூன்று படங்கள், எடை, அம்மோனியா முடிவு, பொடியின் லேபிள் நான்கையும் மறக்காதீர்கள். வாய் திறந்தே மூச்சு விட்டாலோ, மல்லாந்தால் திரும்ப முடியாமல் கிடந்தாலோ, ஆசனவாயில் சதை பிதுங்கினாலோ இரவானாலும் கிளம்பிவிடுங்கள். பிதுங்கிய சதையை வழியெல்லாம் ஈரமாக வைத்திருங்கள், உள்ளே தள்ளாதீர்கள்.